ரொட்டிக்கடை அண்ணனை இழுத்த வண்டி

ரொட்டிக்கடைக்காரரின் தங்கைக்கு வீட்டில் பெயர் சின்னவள். அவளுக்கு மேலே நான்கு பேர். மூத்தவர்தான் இந்த ரொட்டிக்கடைக்காரர். நடுவில் பிறந்த இரண்டு அக்காமாரும் சின்ன அண்ணனும் கல்யாணம், வேலை என்று ஆளுக்கொரு திக்கில் போய்ச் சேர்ந்தார்கள். காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் சின்னவளுக்கு அந்தப் பெயர் மாறவில்லை. அவளைவிட இளையவளான சித்தி மகள்கூட, தன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நம்ம சின்னவ எங்க?" என்று கேட்டபடிதான் கடைக்குள் நுழைவாள்.

தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போனபோது அண்ணனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. நடுவில் உள்ள மூன்று பேரையும் மாமாவும் அத்தையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இவளை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பார். வெள்ளையாகத் தும்முகிற பிள்ளை என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். பிற்பாடு அண்ணி வந்தார். வந்த அன்றைக்கே அவளைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, "அட, உள்ள ஒரு பொண்ணு இருக்கு!" என்றாராம். அன்றிலிருந்து இன்றுவரை அண்ணியின் வாய்க்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் நின்று ஜெயித்ததில்லை.

வளர்ந்த பிறகு சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடையின் பின்பக்கம் ஜன்னலோரம் ஒரு மேசை. அதுதான் அவள் இடம். யாரோ உட்கார்ந்து நசுக்கிய கண்ணாடி, குழந்தை கடித்த கண்ணாடி, கணவன் மனைவி சண்டையில் பறந்த கண்ணாடி, எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். கொசுக்கால் போலிருக்கும் திருகாணியை மூச்சை அடக்கித் திருகுவாள். அந்தக் கைக்கு அடுத்த வேலையைக் கொடுத்தவன் அண்ணன் மகன். அவன் படித்து முடித்து வெளியூருக்குக் கிளம்பியபோது, கட்டிலுக்கடியில் ஒரு பெரிய டப்பா நிறையப் பிளாஸ்டிக் கட்டைகளை விட்டுவிட்டுப் போனான். தலையில் குமிழ் வைத்து ஒன்றன்மேல் ஒன்று கவ்விக்கொள்ளும் கட்டைகள். "யாராவது பிள்ளைங்களுக்குக் குடுத்துடலாம்" என்றார் அண்ணி. எண்ணிப் பார்க்கலாமென்று டப்பாவைக் கவிழ்த்த சின்னவள், கட்டைக் குவியலுக்கு அடியில் ஒரு மோட்டாரையும், பேட்டரிப் பெட்டியையும், கைப்பிடி நிறையப் பல்சக்கரங்களையும் கண்டாள். மோட்டாரில் ஒரு சக்கரத்தைச் செருகி சுவிட்சைத் தட்டினாள். அது கையைவிட்டுத் துள்ளி, தரையில் ஓடி, அலமாரிக்கடியில் போய் உறுமியது.

"பிள்ளைங்களுக்குக் குடுக்கணும்னு சொன்னேனே?" என்றார் அண்ணி.

"நானும் இந்த வீட்டுப் பிள்ளைதானே அண்ணி!"

அதோடு டப்பா அவளுடையதாயிற்று. பொம்மைக் கடையில் புதிதாக வண்டிப் பெட்டி வாங்கினாலும், படத்தில் இருக்கிறபடி ஒரு தடவை கட்டுவாள். மறுநாளே கைவைக்கத் தொடங்கிவிடுவாள். தீயணைப்பு வண்டியின் ஏணி பாரம் தூக்கும் கையாகும். பந்தய வண்டி தன் அகலச் சக்கரங்களைக் குப்பை லாரிக்குத் தானம் பண்ணிவிட்டு மொட்டையாக நிற்கும். சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், பலம் கூடும். இது பிடிபட்ட நாளிலிருந்து அவளுக்கு வேகத்தில் ஆசை போய்விட்டது. ஆமையாக நகர்ந்தாலும் அம்மிக்கல்லை இழுக்கிற வண்டிதான் வண்டி என்பாள். "கல்யாணம் எப்ப?" என்று கேட்கிறவர்களிடம், "இந்த லாரி முடியட்டும்" என்பாள். லாரி எங்கே முடிகிறது? ஒன்று முடிவதற்குள் அதன் வயிற்றிலிருந்தே இன்னொன்று பிறந்துவிடும்.

அண்ணனுக்கு இதெல்லாம் பொம்மை. "பொம்மையை எடு, நான் சாப்பிடணும்" என்பார் மேசை முன்னால் நின்று. ஆனால் ஒரு பொம்மையை மட்டும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அதுதான் டீ லாரி. வீட்டுச் சமையலறையிலிருந்து கடையின் கல்லாப் பெட்டியடிக்கு ஒரு நீளமான நடை உண்டு. அந்த நடையில் தம்ளரைச் சுமந்துபோக ஒரு லாரி செய்தாள். நடுவில் இருக்கும் வாசற்படியில் ஏறும்போது டீ சிந்தியது. தம்ளரை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டாள். அப்புறம் லாரி எப்படிச் சாய்ந்தாலும் டீ நேராக நின்றது. அண்ணன் அதைப் பாராட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு நாள் அண்ணி கையிலேயே டீ கொண்டுபோனபோது, "ஏன், லாரி பஞ்சரா?" என்று கேட்டு, அது வரும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள்தான் மெதுவா வந்தார்.

மெதுவா என்பது அவருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர். குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சரக்கு அடுக்கிய பலகையை இரண்டு இரும்புக் கைகளால் தூக்கிக்கொண்டு போகிற வண்டி அது. தூக்கிய சரக்கு கண்ணை மறைத்துவிடும் என்பதால் பாதி நாள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கியே ஓட்டுவார். குறுக்கே வருகிறவர்களிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. மனைவி காலமாகிப் பல வருஷம். ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள்.

அவர் ஒரு நாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து, காது கழன்ற கண்ணாடியைச் சின்னவளின் மேசைமேல் வைத்தார். திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் முளை துருத்திக்கொண்டிருந்தது. அவள் டப்பாவில் கட்டைகளைப் பூட்டக் கிடக்கிற அதே முளை. சின்னவள் பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை.

"கறுப்பு முளை போட்டிருக்கீங்களே. இறுக்கமா பிடிக்குமே? சாம்பல் முளை போட்டிருந்தா லேசா மடங்கும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "லேசா மடங்கினா மூக்கிலேருந்து விழுதுங்க" என்றார். பிறகு மெதுவாக, "உங்க வீட்ல என்ன ஓடுது?" என்று கேட்டார்.

"எட்டுச் சக்கர லாரி. உங்க வீட்ல?"

"ஃபோர்க்லிஃப்ட்தான். பகல் முழுக்க பெருசு, வீட்டுக்கு வந்தா சின்னது."

அந்தக் கண்ணாடி ஒரே வாரத்தில் மறுபடி ரிப்பேருக்கு வந்தது. அப்புறம் மறுபடி. கடை முதலாளி, "அந்த ஆளு கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குஸ்தி போடறாரா?" என்று கேட்டார். மேசைமேல் கண்ணாடியோடு சேர்ந்து பல்சக்கரங்களும் கைமாறின. சின்னவளிடம் இல்லாத நீளமான அச்சு அவரிடம் இருந்தது. அவரிடம் இல்லாத அகலச் சக்கரம் அவளிடம் இருந்தது. கடைசியில் ஒரு நாள் அவர், "ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிடலாமா?" என்று கேட்டார். சின்னவளுக்குக் காது சிவந்துவிட்டது. பொம்மை கட்டுகிறவர்கள் இதைவிடப் பெரிய வார்த்தை சொல்ல முடியாது.

வீட்டில் சொன்னபோது அண்ணி கையிலிருந்த கரண்டியோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அண்ணன் ரொட்டித் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"யாரு?"

சொன்னாள்.

"என்ன பண்றாரு வீட்ல?"

அதையும் சொன்னாள்.

"அப்ப அவரும் பொம்மையா? ஒரு வீட்ல ஒரு ஆளு வெளையாடினா போதாதா? நாளைக்கு ஒரு கஷ்டம்னா ரெண்டு பேரும் கட்டையை அடுக்கிக்கிட்டு உட்காந்திருப்பீங்களா? உன் இஷ்டம். பண்ணிக்கோ. என்னைக் கூப்பிடாத."

"அண்ணே, உன் சம்மதம் கேட்டு நான் நிக்கல. அந்த வயசெல்லாம் தாண்டியாச்சு. நீ வந்து முன்னாடி நிக்கணும். சிரிச்ச முகமா நிக்கணும். அதைத்தான் கேக்கறேன்."

"சிரிப்பா? உங்க பொம்மை இந்த அடுப்படியிலேருந்து வாசக்கதவு வரைக்கும் என்னை இழுத்துக்கிட்டுப் போகட்டும். அன்னிக்கு வாயெல்லாம் பல்லா வந்து நிக்கிறேன்."

சொன்னவர் தன் வயிற்றை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். கடைத்தெருவிலேயே கனத்த ஆள் அவர்தான். அந்த வயிற்றின் தைரியத்தில்தான் சொன்னார். ஆனால் சின்னவளின் கண்கள் அண்ணனைத் தாண்டி, மாவு மூட்டை ஏற்றி இறக்கும் தள்ளுவண்டியின் உருளைகளில் போய் நின்றன. நான்கு உருளை. வழவழப்பான தரை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாக்கு மாறக்கூடாது அண்ணே."

"நான் மாற மாட்டேன். நீ முதல்ல இழு."

முழு வண்டியாகக் கட்டினால் பஸ்ஸில் தூக்கி வர முடியாது. அதனால் முன்பாதியைச் சின்னவள் தன் வீட்டில் கட்டுவது, பின்பாதியை மெதுவா தன் அறையில் கட்டுவது, இரண்டையும் கடையில் வைத்துப் பூட்டுவது என்று ஏற்பாடு. பாதிக்கு நான்கு மோட்டார், ஒரு பேட்டரிப் பெட்டி, அதில் முன்னும் பின்னும் தள்ளுகிற சுவிட்ச். இணைப்பு சரியாகப் பொருந்துகிறதா என்று வெறும் சட்டங்களை மட்டும் கண்ணாடிக் கடை மேசையில் ஒரு முறை வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. மோட்டார்களை அதற்குப் பிறகு அவரவர் வீட்டில் ஏற்றினார்கள். மெதுவா ஒரு நாள் சொன்னார், "என் பாதி என் கட்டிலை இழுத்துடுச்சு." சின்னவள், "என் பாதி அலமாரியைத் திறந்துடுச்சு" என்றாள். இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

கடைக்கு வார விடுமுறை நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெதுவா ஒரு அட்டைப்பெட்டியைக் குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். கண்ணாடியில் கறுப்பு முளைக்குப் பதில் நிஜத் திருகாணி. அண்ணன், "வாங்க சார்" என்றார். அந்த 'சார்' ஐஸில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது.

அடுப்படியில் தள்ளுவண்டி நின்றது. இரண்டு பாதிகளையும் பூட்டி, அடுப்பிலிருந்து தட்டு இழுக்கும் இரும்புக் கம்பியை நடுவில் கொடுத்து வண்டியையும் தள்ளுவண்டியையும் இறுக்கிக் கட்டினார்கள். அண்ணன் தள்ளுவண்டிமேல் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன்பாதி சுவிட்சில் சின்னவள், பின்பாதி சுவிட்சில் மெதுவா. இரண்டு பேரும் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் சொன்னதும் முன்னாடி தள்ளுங்க" என்றாள் சின்னவள். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

எட்டு மோட்டாரும் ஒரே குரலில் உறுமின. வண்டி ஒரு நொடி விறைத்து நின்றது. பிறகு நடுவில் சடசடவென்று முளைகள் தெறித்தன. முன்பாதி விடுதலை கிடைத்த கன்றுக்குட்டி போல வாசலைப் பார்த்து ஓடியது. பின்பாதி கம்பியோடு சேர்ந்து அடுப்பைப் பார்த்துத் தள்ளுவண்டியை முட்டி, அண்ணனை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

கட்டைகள் மூலைக்கொன்றாக உருண்டு அடங்கின.

"பாத்தியா?" என்றார் அண்ணன். "கல்யாணத்துக்கு முன்னாடியே ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்க."

சின்னவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் முன்னாடின்னுதானே சொன்னேன்? ஏன் பின்னாடி தள்ளினீங்க?"

"நான் முன்னாடிதான் தள்ளினேன்."

"எங்க முன்னாடி? உங்க பாதி அடுப்பைப் பாத்துப் போகுது!"

"முன்னாடி போகுதுங்க. நூறு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். என் கட்டிலையே முட்டித் தள்ளுச்சு."

"தள்ளுச்சா? இழுத்துச்சுன்னுல்ல சொன்னீங்க!"

"நகர்ந்துச்சு. எல்லாம் ஒண்ணுதானே."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சின்னவள் பின்பாதியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். தள்ளுவண்டிக் கம்பியை மாட்டுகிற கொக்கிப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள் ஒட்டியிருந்தன. முன்விளக்கு! அவள் விளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்பக்கம்னா எது?"

"இது என்ன கேள்வி? சரக்கு இருக்கிற பக்கம்தான் முன்பக்கம்" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. இத்தனை வருஷமாகச் சரக்கைப் பார்த்து உட்கார்ந்தே ஓட்டிய மனுஷன். வண்டி எந்தப் பக்கம் போனாலும் அவருக்கு முன்பக்கம் சரக்குதான். நெற்றியில் அடித்துக்கொண்டு, மாவுத் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்ப நான்தான் சரக்கா?" என்றார் அண்ணன் மேலிருந்து.

"ஆமாங்க சார். நல்ல கனமான சரக்கு."

அண்ணி பொத்திய கையை எடுத்துவிட்டார். அவர் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். சின்னவளும் முளைகளைப் பொறுக்கிக்கொண்டே, மூக்கால் சிரித்தாள். அண்ணன் மட்டும் உதட்டை இறுக்கி வைத்திருந்தார்.

"என் தப்புதான்" என்றார் மெதுவா. "இன்னொரு தடவை இழுக்கலாமா சார்?"

அண்ணன் கீழே இறங்கவில்லை. "கட்டுங்க, பாப்போம்" என்றார்.

இந்த முறை இணைப்பின் இரண்டு பக்கமும் நீளச் சட்டங்களைக் குறுக்கே கொடுத்துக் கறுப்பு முளைகளால் தைத்தார்கள். அவர் பிடிக்க, அவள் அடித்தாள். அவள் கைநீட்டுவதற்குள் வேண்டிய முளை அந்தக் கையில் இருந்தது. அண்ணன் மேலிருந்து அந்த நான்கு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உங்க சுவிட்சு பின்னாடி. என்னுது முன்னாடி" என்றாள் சின்னவள்.

மோட்டார்கள் உறுமின. சக்கரங்கள் சுற்றின. ஆனால் வண்டி நகரவில்லை. நின்ற இடத்திலேயே வழுக்கியது. கறுப்பு டயர்கள் வெள்ளையாகிவிட்டன.

"மாவு!" என்று கத்தியவர் அண்ணன். "தரையில மாவு கெடக்கு! ஏம்மா, ஈரத்துணி கொண்டா!" அண்ணி துணியோடு ஓடி வந்தார். வாசல் வரைக்கும் ஒரு பாதை துடைத்து, டயர்களையும் துடைத்தார். மறுபடி சுவிட்ச். வண்டி துடித்தது, மூக்கை லேசாகத் தூக்கியது, நகரவில்லை.

"எடை பத்தல" என்றார் மெதுவா. "அழுத்திப் பிடிக்க மேல பாரம் வேணும்."

"சர்க்கரைப் பொட்டலம் இருக்கு பாரு அலமாரியில! மேல் தட்டு இல்ல, கீழ் தட்டு!" அண்ணன் தள்ளுவண்டிமேல் முட்டி போட்டுவிட்டார். தன்னை இழுக்க முடியாது என்று பந்தயம் கட்டியவர் அவர்தான் என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. "முன்பாதியில ரெண்டு, பின்பாதியில ரெண்டு. நடுவுல வைக்காதே, முறிஞ்சுடும்!"

பொட்டலங்களை வைத்தார்கள். சுவிட்சைத் தள்ளினார்கள். எட்டு மோட்டாரும் தம் கட்டின. அண்ணனும் சேர்ந்து தம் கட்டினார். தள்ளுவண்டியின் உருளை ஒன்று 'கிறீச்' என்றது.

முதலில் அதைக் கவனித்தது அண்ணிதான். "ஏங்க, அடுப்பு உங்களை விட்டுத் தூரமா போகுதுங்க!"

உண்மைதான். எறும்பு இரை இழுக்கிற வேகம். ஆனால் நிற்காத வேகம். ரொட்டித் தட்டுகள் ஒவ்வொன்றாக அண்ணனைத் தாண்டிப் போயின. மாவு மூட்டைகள் தாண்டின. தான் முட்டி போட்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். சின்னவளும் மெதுவாவும் வண்டியின் இரு பக்கமும் வாத்து நடை நடந்தார்கள். பெட்டியடியைத் தாண்டும்போது அங்கே காலி தம்ளரோடு நின்ற டீ லாரி அண்ணன் கண்ணில் பட்டது.

விரித்த கை மெல்லக் கீழே வந்தது.

"அதுசரி" என்றார் யாரையும் பார்க்காமல். "நீ போயிட்டா இதை யாரு ஓட்டுவா?"

அப்போதுதான் சின்னவளுக்கு விஷயம் விளங்கியது. துடைத்த தட்டையே மறுபடி துடைத்தது எதற்காக என்றும் விளங்கியது. அவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"லாரி இங்கதான் இருக்கும் அண்ணே. நான் இருக்கப்போறது ரெண்டு தெரு தள்ளி. வீடு அவரே பாத்துட்டாரு."

"ரிப்பேருன்னா?"

"ரெண்டு பேரா வருவோம்" என்றார் மெதுவா, வாத்து நடையில் மூச்சு வாங்க. "டயரு கொஞ்சம் தேஞ்சிருக்குங்க அதுல. வந்ததுமே பாத்தேன். நாளைக்கே மாத்திடலாம்."

வண்டி வாசற்கதவை முட்டி நின்றது. சர்க்கரைப் பொட்டலம் ஒன்று சரிந்து விழுந்தது. அண்ணி கைதட்டினார். சின்னவள் எழுந்து, அண்ணன் முகத்தை மட்டும் பார்த்தாள். வேறெதையும் பார்க்கவில்லை. அந்த இறுக்கிய உதடு முதலில் ஒரு பக்கம் நெளிந்தது. அப்புறம் மறுபக்கம். பிறகு அவர் சொன்னபடியே வாயெல்லாம் பல்லாயிற்று.

"இறங்குண்ணே. வந்தாச்சு."

"எதுக்கு இறங்கணும்?" அண்ணன் மறுபடி சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டார். "அடுப்படிக்குத் திரும்பி நான் நடந்தா போகணும்? என்ன மாப்ளே, உங்க வண்டி ஒரு வழிதானா?"

அந்த 'மாப்ளே' கடைக்குள் விழுந்ததும் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெதுவா கழுத்தைத் திருப்பி அடுப்படியைப் பார்த்தார். தன் சுவிட்சில் கை வைத்தார்.

சின்னவள் அவர் கையைப் பார்த்துவிட்டுத் தன் பக்கம் குனிந்தாள். "இந்தத் தடவை உங்க முன்பக்கம்தான் முன்பக்கம்" என்று சொல்லி, தன் சுவிட்சைப் பின்னால் தள்ளினாள்.

"மெதுவா, மெதுவா" என்றார் அண்ணன்.